'விசர்' என்ற சொல்லும் எட்டாம் தரமும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலையில் தரம் 8 மாணவர்களுக்குச் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கிறேன். சென்ற தவணையில் ஒரு மாணவனின் கொப்பியைத் திருத்த எடுத்தபோது, அட்டையில் இருந்த அவனுடைய பெயர் வெட்டப்பட்டு, அதற்கு மேலே நீலப் பேனையால் 'அங்கொடை' என்று எழுதப்பட்டிருந்தது. அவனுடைய தாய் மாதந்தோறும் மனநலக் கிளினிக்குக்குப் போய்வருவது எப்படியோ வகுப்புக்குத் தெரிந்துவிட்டது. தேசிய மனநல நிறுவகம் அமைந்திருக்கும் ஊரின் பெயரை நம் பிள்ளைகள் கல்லைப் போல எடுத்து எறிகிறார்கள்.

எழுதியவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. "விசர்க் கதை கதைக்காதே" என்று, பைத்தியத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லாலேயே, அதே வகுப்பில் நானும் எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மனநோய்களில் ஏறக்குறைய பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்படியானால், இன்று சிரிக்கும் பிள்ளைக்கே நாளை நித்திரை கெட்டு, படிப்பில் மனம் செல்லாமல், காரணமில்லாத பயம் வரும்போது, தன் மீதும் அதே சொல் விழுந்துவிடுமே என்று அது வாயைத் திறக்காது. வீட்டிலும் பேய் பிடித்ததென்று கழிப்புக் கழித்து, நூல் கட்டி, மாதங்களைக் கடத்திவிடுவார்கள். கழிப்பினால் கிடைக்கும் ஆறுதலை நான் குறை கூறவில்லை; வைத்தியரிடம் செல்வதை அது தள்ளிப்போடக் கூடாது என்பதே என் கவலை.

அமெரிக்க உளவியலாளர் பட்ரிக் கொரிகன் குழுவினர் 14 நாடுகளைச் சேர்ந்த 72 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட கட்டுரை எனக்குத் துணிவு தந்தது. மனநோயைக் குறித்து வளர்ந்தவர்களின் மனத்தை மாற்றுவதில் நோயிலிருந்து மீண்டவர்களைச் சந்திப்பது கூடுதலாக உதவுகிறது. வளரிளம் பருவத்தினரிடமோ பாடமாகக் கற்பிப்பதே கூடுதலாகப் பயன் தருகிறது என்பது அதன் முடிவு. அது ஆசிரியரால் இயலாத காரியமல்ல.

இரண்டு பாடவேளைகளை அதற்கென ஒதுக்கினேன். நமது வாவியிலுள்ள மாந்தீவில் தொழுநோயாளர்களை ஊரிலிருந்து பிரித்து வைத்திருந்த காலத்திலிருந்து தொடங்கி, அந்த நோய் குளிசையால் மாறும் என்றான பிறகும் அதைப் பற்றிய பயம் மாற எவ்வளவு காலம் எடுத்தது என்று பேசினேன். பின்னர் மூளையும் ஓர் உறுப்பே என்பதையும், அதற்கு வரும் நோய்களின் அறிகுறிகளையும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம் என்பதையும் விளக்கினேன். கேலி முற்றாக நின்றுவிட்டதென்று சொல்லமாட்டேன்.

மணி அடித்த பிறகு அந்த மாணவன் மேசையருகே வந்து, "அம்மா குளிசையை நிப்பாட்டிற்றா, ரீச்சர். ஆக்கள் கதைக்கிறாங்களாம்" என்றான். அடுத்த கிளினிக் நாளில் அம்மாவோடு தானும் போவதற்கு லீவு தருவீர்களா என்று கேட்டான்.