இடது பக்கம்

ஜூன் 9
மணி மூன்று. வெந்நீர்ப் பை ஆறிவிட்டது. கச்சான் காற்று கொட்டகை ஓலையைப் பிய்த்து எறிகிறது. இடது பக்கம்தான், மறுபடியும்.

ஜூன் 10
பெரியம்மா கருப்பட்டியும் ஏதோ சூரணமும் கொண்டுவந்தார். "ஒடம்புல எதிர்ப்பு சக்தி இல்லடி, அதான்." கருப்பட்டியை மட்டும் தின்றேன்.

மதுரை டாக்டர் சொன்னது வேறு. மாதவிலக்கு ரத்தம் கொஞ்சம் கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள் திரும்பிப் போவது பத்தில் ஒன்பது பெண்களுக்கு நடக்கிறதாம். 1920களிலேயே சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் என் நோய் வரும் வழி இதுதான் என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்த நோய், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே ஒட்டி வளர்வது), வருவது பத்தில் ஒருத்திக்குத்தான். மற்றவர்களுக்கு, உள்ளே போனதை வெள்ளணுக்கள் கொன்று தின்று துடைத்துவிடுகின்றன என்கிறார்கள்.

மதினிக்கும் திரும்பிப் போகும்தானே. அவள் மூன்றாம் நாளே இடுப்பளவு தண்ணீரில் நின்று கடல்பாசி எடுப்பாள். எனக்கு மட்டும் ஏன்?

ஜூன் 11
பள்ளிக்கூடத்துக்கு லீவு. தலைமையாசிரியை "சரி" என்று மட்டும் சொன்னார். அந்தச் சரி எனக்குத் தெரியும்.

ஜூன் 13
வலி இல்லை. உட்கார்ந்து படித்தேன்.

ஆள் பற்றாக்குறையே இல்லை! இந்த நோய் உள்ளவர்களின் வயிற்று நீரில் மேக்ரோபேஜ்கள், அதாவது விழுங்கித் தின்னும் வெள்ளணுக்கள், கூடுதலாகவே இருக்கின்றன. தின்ன வேண்டியதைத்தான் சரியாகத் தின்பதில்லை. இயற்கைக் கொல்லி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களுக்கும் கொல்லும் வேகம் குறைந்துவிடுகிறது. போகட்டும், சும்மாவாவது இருக்கலாம் இல்லையா? இன்டர்லூகின்-6 மாதிரி அழற்சிப் பொருள்களைக் கக்குகின்றன. ஒட்டிக்கொண்ட திசுவுக்குப் புது ரத்தக்குழாய் முளைக்கவும் நரம்பு வளரவும் உதவுகின்றன. காவலுக்கு வைத்தவனே திருடனுக்குக் குழாயும் கரண்டும் இழுத்துக் கொடுத்த கதை. அந்தக் கரண்ட்தான் ராத்திரி மூன்று மணிக்கு என்னை எழுப்புகிறது.

சூரணம் இவர்களுக்குத் தெம்பு ஏற்றிவிட்டால்? பாட்டிலை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

காவல் கெட்டதால் திசு ஒட்டியதா, திசு ஒட்டியதால் காவல் கெட்டதா? ஆராய்ச்சிக்காரர்களுக்கே இன்னும் தீரவில்லை.

ஜூன் 15
மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. அண்ணன் ஐஸ் ஏற்றப் போய்விட்டான். அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசிக்குக் கிளம்பினாள். சாயங்காலம் துணியை அவிழ்த்தபோது பார்த்தேன். ஆள்காட்டி விரலில் பாறை கிழித்த இடம் சிவந்து வீங்கியிருந்தது.

ஜூன் 17
அம்மா விரலில் வீக்கம் வடிந்துவிட்டது. அவளுடைய வெள்ளணுக்களுக்கு வந்த வேலை முடிந்ததும் போகத் தெரிகிறது. என் வீக்கம் மட்டும் ஏன் நிற்பதில்லை?

2023-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார், நோயுள்ள பெண்களில் 64 சதவீதம் பேரின் கருப்பை உள்சவ்வில் ஃபுசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நோயில்லாதவர்களில் பத்து சதவீதம்கூட இல்லை. எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததும் திசு குறைந்ததாம். எலிகளுக்கு நல்ல காலம். எனக்கு டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம், தினம் ஒன்று. வெள்ளணுக்களைத் திருத்தும் மருந்து இந்த நோய்க்கு இன்னும் கடைக்கு வரவில்லை.

ஜூன் 18
மதினியிடம் கோபப்பட்டேன். அவள் நன்றாக இருக்கிறாள் என்பதற்காக.

ஜூன் 20
போன் வந்தது. திங்கள்கிழமை லேப்ராஸ்கோப்பி, வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன். இடது சினைப்பையில் இருக்கும் சாக்லேட் கட்டியை (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) எடுத்துவிடுவார்களாம். "திரும்ப வருமா?" என்றேன். "வரலாம்" என்றார், தயங்காமல். பொய் சொல்லாத டாக்டர்.

பையில் என்னென்ன வைக்கணும் என்று மதினி கேட்கிறாள். காப்பீட்டு அட்டை, ஸ்கேன் படம், நைட்டி இரண்டு, அப்புறம்