மவுஸ் திக்கியபோதே புரிந்திருக்க வேண்டும்

ராயபுரத்தில் நாங்கள் இருப்பது ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷன். தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, முழங்கை அகலத்துக்குச் சுண்ணாம்புச் சுவர். மே மாதத்தில்கூட உள்ளே குளுகுளுவென்று இருக்கும். வைஃபைக்கு மட்டும் இந்த வீடு ஆகாது. ஃபைபர் வயர் தெருப்பக்கம் ஹாலுக்குள் நுழைவதால் ரூட்டரை அங்கேயே மாட்டிவிட்டார்கள். நான் வேலை பார்ப்பது சுவருக்கு இந்தப் பக்கம், பின் அறையில்.

எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகள் ஏழெட்டுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்வதுதான் என் பிழைப்பு. மாதா மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் மொத்த வரிக் கணக்கான 3பி. அந்த இரண்டு தேதிக்கு முந்தைய ராத்திரிகளில்தான் லேப்டாப் என் உயிரை எடுக்கும். வைஃபை குறி நிற்கும், பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். போனுக்கு வந்த ஓடிபியை அடித்து முடிப்பதற்குள் இணைப்பு அறுந்திருக்கும். திரும்ப லாகின். சில நாள் பத்து நிமிஷத்தில் சரியாகும், சில நாள் ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகாது.

லைன்மேன் தம்பி மூன்று தடவை வந்துவிட்டார். "அக்கா, எங்க சைடுல எல்லாம் கரெக்டா கீது. லேப்டாப்பத்தான் பாக்கணும்." லேப்டாப்பை ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனால், "கார்டு நல்லாத்தான் இருக்கு மேடம், ரூட்டர மாத்துங்க." நடுவில் என் மாமியார்: "என் போன்ல சீரியல் நல்லாத்தானே ஓடுது, உனக்கு மட்டும் இன்னாவாம்?" இருந்த எரிச்சலில் அதைக் காதில் வாங்கவில்லை. மூன்று பேரில் உருப்படியான துப்பு கொடுத்தவர் அவர்தான். அதே அறை, அதே ரூட்டர், போன் ஓடுகிறது.

முதலில் செய்திருக்க வேண்டியதை நாலாவதாகச் செய்தேன். கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல் இரண்டைத் திறந்து, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் பிங் கட்டளையை ஓடவிட்டேன். ஒன்று ரூட்டரின் 192.168.1.1-க்கு, இன்னொன்று வெளியே கூகுளின் 8.8.8.8-க்கு. ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி வெளியே மட்டும் அறுந்தால் லைன் கோளாறு. ரூட்டரே பதில் சொல்லாவிட்டால் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ராத்திரி எட்டரை வரை ரூட்டர் 2, 3 மில்லி செகண்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் 380, 912, 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்', மறுபடி 640. லைன்மேன் தம்பியை மனசுக்குள் திட்டியதற்கெல்லாம் அங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்து டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மெண்ட் பகுதியில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று அனுமதி கொடுக்கும் டிக்கை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் அற்புதமாக ஓடியது. தங்கைக்குப் போன் போட்டுப் பெருமை வேறு அடித்தேன். அந்த இரண்டு நாள் ராத்திரிக் கணக்கு வேலை இல்லாத சனியும் ஞாயிறும் என்பது திங்கள் ராத்திரிதான் உறைத்தது.

ரூட்டரின் வைஃபை சேனலை மாற்றியும் பார்த்தேன். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கும் சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். எங்கள் சந்தில் ஏறக்குறைய எல்லா வீட்டு ரூட்டரும் 6-இல் குந்தியிருந்தது. நான் 11-க்குப் போனேன். துளி முன்னேற்றம், அவ்வளவே. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடலாம்தான், ஆனால் அது எங்கள் சுண்ணாம்புச் சுவரைத் தாண்டி வருவதற்குள் சிக்னல் ஒரு கோடாகிவிடுகிறது.

விண்டோஸில் 'நெட்ஷ் டபிள்யூலான் ஷோ டபிள்யூலான்ரிப்போர்ட்' (netsh wlan show wlanreport) என்று ஒரு கட்டளை இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அடித்தால், கடந்த மூன்று நாளில் வைஃபை எப்போது ஒட்டியது, எப்போது அறுந்தது என்று மணி வாரியாக ஒரு பக்கம் போட்டுத் தரும். எனக்கு அறுந்ததெல்லாம் எட்டரைக்கு மேல். எட்டரைக்கு அப்படி என்னதான் நடக்கிறது? மாமியாரின் சீரியல் மேல் சந்தேகப்பட்டு, ஒரு நாள் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

காட்டிக்கொடுத்தது மவுஸ். வயர்லெஸ் மவுஸ். ராத்திரியானால் அது திக்கித் திக்கிப் போகும், அம்பு ஓரிடத்தில் நின்று திடீரென்று தாவும். செல் தீர்ந்துவிட்டது என்று நினைத்து நாலு ஜோடி மாற்றியிருந்தேன். அன்றைக்குப் புதுச் செல் போட்ட கையோடும் திக்கியது. மவுஸும் வைஃபையும் ஓடுவது அதே 2.4-இல்தானே என்று அப்போதுதான் பொறி தட்டியது. லேப்டாப்பை ஒட்டி, ஒரு ஜாண் வயரில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கிடந்தது. ஜனவரியில் வாங்கியது. கடைக்காரர்கள் அனுப்பும் பில்லை எல்லாம் ஏற்றிவிட்டு எட்டரை மணிக்கு அந்த டிஸ்க்கைச் சொருகி, டேலி என்ற கணக்கு மென்பொருளின் பேக்கப் எடுப்பேன். மற்ற நாளில் அதோடு மூடிவிடுவேன், தாக்கல் நாளில் மட்டும் டிஸ்க்கைப் பிடுங்காமலே உட்கார்ந்து வேலை செய்வேன்.

நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட். டிஸ்க்கைப் பிடுங்கினேன்: 3, 2, 3. சொருகினேன்: 700, டைம்டு அவுட். பிடுங்கினேன்: 2. குழாயைத் திறந்து மூடுவதுபோல் ஆறு தடவை செய்து பார்த்தேன்.

தேடினால், இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி விவரமாக ஓர் அறிக்கை போட்டிருக்கிறது. யுஎஸ்பி 3.0 வேகமாகத் தரவு அனுப்பும்போது வயரிலிருந்தும் போர்ட்டிலிருந்தும் கசியும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் விழுகிறது. பக்கத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு அந்த இரைச்சலில் ரூட்டரின் குரல் கேட்பதில்லை, அதிலும் சுவர் தாண்டி வரும் மெல்லிய குரல் என்றால் சுத்தம். மாமியாரின் போன் நாலடி தள்ளி இருந்ததால் தப்பித்தது.

இப்போது டிஸ்க்கை மறுபக்கத்துக் கறுப்பு யுஎஸ்பி 2.0 போர்ட்டில் சொருகுகிறேன். இரண்டு நிமிஷத்தில் முடிந்த பேக்கப்புக்கு இப்போது ஆறு நிமிஷம் ஆகிறது, அதற்குள் டீ போட்டுவிடலாம். நல்ல ஷீல்டு உள்ள ஒரு மீட்டர் வயர் வாங்கி டிஸ்க்கைத் தள்ளி வைத்தாலும் குறையும் என்கிறார்கள். அடுத்த தடவை ரிச்சி தெருப் பக்கம் போகும்போது பார்க்கலாம்.

வீணாகக் கழற்றிய எட்டு செல்லும் டிராயரில் கிடந்தன. ஹால் கடிகாரத்துக்கு ஒன்று, டிவி ரிமோட்டுக்கு இரண்டு என்று மாமியார் எடுத்துக்கொண்டார்.