இரண்டு மான்களும் ஒரு ‘ஸ்’ஸும்

கடந்த ஓகஸ்ட் மாதம் லண்டனிலிருந்து என் தங்கை தன் இரு பிள்ளைகளுடன் திருகோணமலைக்கு வந்திருந்தாள். ஒரு மாலை, பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான்களைக் கண்ட நான்கு வயதுச் சின்னவள், ‘டியர்ஸ்! டூ டியர்ஸ்!’ என்று கூவினாள். இருபத்தைந்து ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு வாய் சும்மா இருக்குமா? அந்தச் சொல்லுக்கு ஒருமையும் பன்மையும் ஒன்றுதான் என்று நான் தொடங்குவதற்குள் அவளுடைய அண்ணன் குறுக்கிட்டான். ‘பெரியம்மா, அவள் பிழை விடேல்லை. விதியைப் பாவிக்கிறாள்.’

பெறாமகன் அங்கே உயர்தரத்தில் ஆங்கில மொழியை ஒரு பாடமாகப் படிக்கிறான். இலக்கியம் வேறு, இது வேறு. குழந்தை பேசத் தொடங்குவதிலிருந்து பத்திரிகையும் விளம்பரமும் சொற்களைக் கையாளும் விதம் வரை, மொழி எப்படி இயங்குகிறது என்பதே அவர்களுக்குப் பாடம். விடுமுறை வேலைக்கென்று அவன் கொண்டுவந்திருந்த கோப்பை, எல்லோரும் உறங்கிய பின் விறாந்தையில் இருந்து நான் வாசித்து முடித்தேன். ஆங்கிலத்தைப் பிழைகளின் பட்டியலாகவே கற்று, அவ்வாறே கற்பித்தும் வந்த எனக்கு அது சற்று வெட்கமாகவும் இருந்தது.

ஜீன் பேர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1958இல் வெளியிட்ட பரிசோதனையில் தொடங்குகிறது அவனுடைய குறிப்பு. பறவை போன்ற ஓர் உருவத்தைக் காட்டி ‘இது ஒரு வக்’ என்பார். பின்பு இரண்டு உருவங்களைக் காட்டி, ‘இப்போது இரண்டு...’ என்று வசனத்தைப் பாதியில் விடுவார். ‘வக்ஸ்’ என்று குழந்தைகள் முடித்தார்கள். அப்படியொரு சொல் உலகில் இல்லாததால் யாரையும் கேட்டு ஒப்புவித்திருக்க முடியாது. விதியொன்று உள்ளே குடியேறியிருக்க வேண்டும். ஆனால் ‘டாஸ்’ என்ற புனைசொல்லின் பன்மையைக் கேட்டபோது, ‘கிளாஸஸ்’ என்று சரியாகச் சொல்லத் தெரிந்த குழந்தைகளிற் பலரும் இடறினார்கள். விதி முழுதாக வந்து இறங்குவதில்லை, பகுதி பகுதியாகவே வருகிறது என்பதை இந்த இடறல்தான் எனக்குக் காட்டியது. என் வகுப்புப் பிள்ளைகள் பன்மை ‘ஸ்’ஸை விழுங்கும்போது கவனக்குறைவென்றே இதுவரை கோடிட்டிருக்கிறேன். ‘ரெண்டு மான் நிக்குது’ என்று நாமெல்லோரும் பேசுகிறோம். எண் சொன்ன பிறகு பன்மை விகுதி வேண்டாம் என்ற தமிழ் விதியை அவர்கள் ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகிறார்கள் என்பது அன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

கோப்பில் என்னை மிகவும் பிடித்துக்கொண்டது 1970இல் ரொஜர் பிரவுனும் கமில் ஹான்லனும் வெளியிட்ட ஆய்வு. தாய்மார் குழந்தையின் இலக்கணத்தை அரிதாகவே திருத்துகிறார்கள், சொன்னது உண்மையா என்பதைத்தான் பார்க்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். மறுநாளே இதைக் கண்ணாற் கண்டேன். சின்னவள் ‘டியர்ஸ்’ என்றபோதெல்லாம் ‘ஓம், ஓம்’ என்ற தங்கை, கொம்பில்லாத மானொன்றை அவள் ‘கௌ’ என்றதும், ‘இல்லையம்மா, அது மாடில்லை, மான்’ என்று உடனே திருத்தினாள். இப்படி வளர்க்கப்படும் குழந்தை கடைசியில் இலக்கணம் பிசகாமல் பேசுகிற, ஆனால் உண்மை பேசுவதிற் பெயரெடுக்காத பெரியவராக வளர்வது விந்தைதான் என்று பிரவுனும் சக ஆய்வாளர்களும் குறும்பாக எழுதியிருக்கிறார்களாம்.

அந்தப் பெரியவர்களின் உலகம் கோப்பின் பிற்பகுதி. இரண்டு வயதுக் குழந்தையின் பேச்சைத் ‘தந்திப் பேச்சு’ என்கிறார்கள். துணைவினைகளும் ‘ஏ’, ‘த’ போன்ற சுட்டிடைச் சொற்களும் உதிர்ந்து, பொருளுக்கு வேண்டிய சொற்கள் மட்டும் மிஞ்சும். ஆங்கிலத் தலைப்புச் செய்தியிலும் அதே சொற்கள்தான் உதிர்கின்றன. குழந்தை இயலாமையால் விடுகிறது, பத்திரிகை இடம் மிச்சம்பிடிக்க விடுகிறது. ஆனால் சேர்ந்து உதிர்வது சிலவேளை செய்தவரின் பெயர். ‘லாண்ட் அக்வயர்ட்’ என்ற இரண்டு சொற்களில் காணியை எடுத்தது யாரென்று இல்லை. இலக்கணப்படி குறையும் இல்லை. நம் பத்திரிகையின் ‘காணி சுவீகரிப்பு’ம் அவ்வாறே. ஒழுங்கையிற் பேசும்போதோ ‘காணியை எடுத்திட்டாங்கள்’ என்போம். பெயர் சொல்லாவிட்டாலும், எடுத்தவர்கள் என்று சிலர் இருப்பதை வினைமுற்று விட்டுக்கொடுப்பதில்லை.

விளம்பரங்களைப் பற்றி நோர்மன் ஃபெயர்கிளஃப் என்ற பிரித்தானிய மொழியியலாளர் 1989இல் எழுதியதும் கோப்பில் இருந்தது: பெருந்திரளை நோக்கிப் பேசிக்கொண்டே, ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்தவர்போலப் பாவனை செய்வது. ஆங்கிலத்தின் ‘யூ’ இதற்கு வசதியானது. தமிழில் எழுதுபவர் நீயா, நீங்களா என்று முடிவெடுத்தே ஆகவேண்டும்.

அவர்கள் திரும்பிப் போய், பாடசாலையும் தொடங்கிய பின், மீனவக் குடும்பத்துப் பையனொருவனின் கட்டுரையைத் திருத்தினேன். தகப்பன் ஐம்பது கிலோ சூரை பிடித்ததாக எழுதியிருந்தான்; ‘பிடித்தார்’ என்பதற்கு ‘கோட்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘கட்ச்ட்’. சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு, ‘உண்மையாவே அம்பது கிலோவா, ராசா?’ என்று கேட்டேன். ‘இல்லை மிஸ், பதினைஞ்சு’ என்றான். ‘ஃபிஃப்டீன்’ என்று எழுத நினைத்து ‘ஃபிஃப்டி’ என்று எழுதியிருக்கிறான். முதலில் மீனின் நிறையைத் திருத்தினோம், வினைச்சொல்லைப் பிறகு பார்த்துக்கொண்டோம்.