தேதி கேட்டால் 45292 வருகிறதா? எக்செலில் தேதி, நேரம் எழுதிய அனுபவம்

பைத்தானில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் (எக்செல் கோப்பு எழுதும் நூலகம்) வைத்து அறிக்கை எடுக்கிறவர்கள் முதலில் திகைப்பது இங்கேதான்: 2024 ஜனவரி 1 என்று அனுப்பிய செல்லில் 45292 என்று உட்கார்ந்திருக்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. எக்செல் தேதியை எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. 1900 ஜனவரி 1 அதற்கு 1. நேரம் அதே எண்ணின் தசமப் பகுதி. அன்று மாலை 6 மணி என்றால் 45292.75. அதைத் தேதியாகக் காட்டுவது செல்லின் ஃபார்மட்தான். ஆகவே தேதி எழுதும் ஒவ்வொரு இடத்திலும் ஃபார்மட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அலுப்பாக இருந்தால், ஒர்க்புக்கை உருவாக்கும்போதே டீஃபால்ட் தேதி ஃபார்மட் ஒன்றை வைத்துவிடலாம். இதே வேலைக்கான இன்னொரு நூலகமான ஓப்பன்பைஎக்ஸ்எல் அதைத் தானாகவே போட்டுக்கொள்ளும்.

ஸ்ட்ரிங்காக மாற்றி எழுதுவது குறுக்குவழி மாதிரி தெரியும், வேண்டாம். வரிசைப்படுத்தினால் 02-12-2023 போய் 15-01-2023-க்கு முன்னால் நிற்கும். கழித்தல் கணக்கையும் நம்ப முடியாது.

நூலகம் இல்லாமல் எண்ணை நீங்களே கணக்கிடுவதானால் 1899 டிசம்பர் 30-லிருந்து நாட்களை எண்ணுங்கள். எண்ணிக்கை 1-இல் தொடங்குவதால் ஒரு நாள் போகிறது. இன்னொரு நாள், இல்லாத 1900 பிப்ரவரி 29-க்கு. எக்செலுக்கு முந்தைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3-இல் இருந்த பிழை அது. ஒத்துப்போக வேண்டும் என்று எக்செலும் அப்படியே எடுத்துக்கொண்டது. 1900 மார்ச் 1 முதல் இந்தக் கணக்கு சரியாக வரும். எல்லாத் தேதியும் 1462 நாள் தள்ளி நின்றால், கோப்பு 1904 ஜனவரி 1-லிருந்து நாட்களை எண்ணும் 1904 முறையில் இருக்கிறது என்று அர்த்தம்.

டைம்ஸோன் ஒட்டிய மதிப்பைக் கொடுத்தால் இரண்டு நூலகங்களும் பிழை காட்டி நிறுத்திவிடும். அவசரத்தில் டைம்ஸோனை மட்டும் கழற்றினால் பிழைச்செய்தி போய்விடும், தப்பான நேரம் தங்கிவிடும். முதலில் வேண்டிய டைம்ஸோனுக்கு மாற்றுங்கள், பிறகு கழற்றுங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டரில் இதற்கென இருக்கும் ஆப்ஷனும் கழற்ற மட்டுமே செய்யும், மாற்றாது.

கால அளவில் வேறொரு சிக்கல். 26 மணி 30 நிமிடத்தைச் சாதாரண மணி-நிமிட ஃபார்மட்டில் எழுதினால் 02:30 என்றுதான் தெரியும். முழு நாள் விழுங்கப்பட்டுவிடும். மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டால் 26:30 வரும். நிமிடத்தை மட்டும் தனியாகக் காட்ட நினைத்து 'எம்எம்' என்று கொடுத்தால் மாதம் வந்து நிற்கும். பக்கத்தில் மணியோ விநாடியோ இருந்தால்தான் எக்செல் அதை நிமிடமாக எடுத்துக்கொள்ளும்.

செல் முழுக்க #### வந்தால் நெடுவரிசையின் அகலம் போதவில்லை. 20 என்று வைத்தால் தேதியும் நேரமும் தாராளமாக அடங்கும். அதன் பிறகும் #### போகவில்லை என்றால் மதிப்பு மைனஸில் இருக்கிறது. முடிவு நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழிப்பதற்குப் பதில் தலைகீழாகக் கழித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.