விபீஷணர் விட்டுவந்த பெருமாள்: யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சி யாத்திரை

திருச்சி மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரின் தலையில் குட்டு வாங்கிய தழும்பு ஒன்று இருக்கிறது என்பார்கள். குட்டியவர் இலங்கைக்காரர். இராமர் கொடுத்த அரங்கநாதரைச் சுமந்து வந்த விபீஷணர், காவிரிக் கரையில் அனுட்டானம் பார்க்க நேரமாகிவிட, அங்கு நின்ற சிறுவனிடம் பெருமாளைக் கொடுத்து, நிலத்தில் மட்டும் வைத்துவிடாதே என்றார். சிறுவன் வைத்துவிட்டான். வைத்த இடம் திருவரங்கம். துரத்திப் பிடித்துக் குட்டிய இடம் மலையுச்சி. கலங்கி நின்ற விபீஷணருக்காகத்தான் பெருமாள் தெற்கே, இலங்கைப் பக்கம் பார்த்துக் கிடக்கிறார்.

அதனால் நம்மவர்கள் பிள்ளையாரிலே தொடங்கிப் பெருமாளிலே முடிப்பதுதான் முறை. இடையில் திருவானைக்கா. மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டுப் புடவைக் கடைக்கு ஓடுகிற வழக்கம் கூடிக்கொண்டு வருகிறது. அப்படிப் போனால் மூன்றிலும் வரிசையைத்தான் பார்ப்பீர்கள், சுவாமியை அல்ல. இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் 2025 மார்ச் கடைசியில் தொடங்கியது. ஒரு மணித்தியாலப் பறப்புத்தான். கப்பலில் போகிறவர்களுக்குக் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம். அங்கிருந்து திருச்சி வீதியால் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். மழைக்காலத்தில் கடல் குழம்பினால் கப்பல் நிற்கும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் நாள் குறித்து நேர்த்தி வைத்திருப்பவர்கள் கப்பலை நம்பவேண்டாம்.

தங்குமிடத்தில்தான் கனபேர் அந்தரப்படுவது. தமிழ் கதைக்கிறோம், வேட்டி கட்டியிருக்கிறோம், ஆனாலும் அங்கே நாங்கள் வெளிநாட்டார். வெளிநாட்டாரைத் தங்க வைக்கும் விடுதி அதை அரசாங்கத்துக்கு அறிவித்துப் பதியவேண்டும்; ‘சி படிவம்’ என்று சொல்லிப் பழகிய பதிவு அது. அந்த வசதி இல்லாத சிறிய லொட்ஜுகள் இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்று சொல்லிவிடும். அறை பதியும்போதே கேட்டுவிடுங்கள். உறவினர் வீட்டில் நின்றாலும் வீட்டுக்காரர் அதே பதிவைச் செய்யவேண்டும். கடவுச்சீட்டு, விசா இரண்டிலும் இரண்டு இரண்டு பிரதி கையில் இருக்கட்டும். பூசைப் பெட்டியில் கற்பூரம் கொண்டுபோகவேண்டாம். எரியும் பொருள் என்று விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

முதல் நாள் காலமை ஆறு மணிக்கே மலையடியில் நில்லுங்கள். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். தெப்பக்குளத்தையும் மெயின்கார்ட் கேட் வாசலையும் தாண்டும்போது, கோட்டை எங்கே என்று தேடவேண்டாம். யாழ்ப்பாணக் கோட்டை போல மதிலும் அகழியும் முழுதாக எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். நாயக்கர் கட்டிய கோட்டை மதில் 19 ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டுத் தெருவாகிவிட்டது. எஞ்சியது அந்த வாசலும் 83 மீற்றர் உயரப் பாறையும்தான்.

அடிவாரத்தில் மாணிக்க விநாயகர். செருப்பை அங்கே விடவேண்டும். மேலே முழுதும் வெறுங்கால்தான். படிகள் நானூறுக்கு மேல். தாயுமானவர் கோயில் வரை பாறையைக் குடைந்த நிழல் வழி, ஆறுதலாக ஏறலாம். அதற்கு மேலே வெளிப்பாறை. பதினொரு மணிக்குப் பிறகு அந்தக் கல் காலைச் சுடும். சனம் விரலூன்றித் துள்ளித் துள்ளிப் போவதைக் காணலாம். முழங்கால் ஏலாதவர்கள் மாணிக்க விநாயகரோடு நின்றாலும் குறையில்லை, மலை வழிபாடு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

தாயுமானவர் கதை ஆற்றோடு பிறந்தது. பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கிய இரத்தினாவதிக்குத் துணையாகப் பூம்புகாரிலிருந்து தாய் வருகிறாள். காவிரி பெருக்கெடுத்து அவளை அக்கரையிலேயே மறித்துவிடுகிறது. தாயின் உருவில் ஈசனே வந்து பேறு பார்த்தார். வெள்ளம் வற்றி உண்மைத் தாய் வந்து வாசலில் நின்றபோதுதான் வீட்டுக்கு விளங்கியது. அதனால் சுகப்பிரசவத்துக்கு நேர்ந்து இங்கே வாழைத்தார் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளைப் படியேற்றவேண்டியதில்லை, வீட்டார் ஒருவர் சுமந்துபோய்க் கொடுத்தால் போதும். தாரைக் கீழே கடைவீதியில் வாங்குங்கள்.

இந்தக் கோயிலில் புதிதாகப் போகிறவர்கள் திசை தடுமாறுவார்கள். சுவாமி மேற்குப் பார்த்தவர். முன்பு கிழக்குப் பார்த்திருந்தவர் உறையூர்ப் பக்கம் திரும்பினார் என்பது புராணம். கொடிமரம் திரும்பவில்லை, அது சன்னதிக்குப் பின்புறம் நிற்கிறது. கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டுவிட்டு நேரே நடந்தால் சுவாமியின் முதுகுப்புறம்தான். சுற்றி வாருங்கள். தேவாரம் ஓதுகிறவர்கள் சம்பந்தரின் ‘நன்றுடையானை’ப் பதிகத்தை முன்பே படித்துக்கொண்டு போவது நல்லது; அது இந்தச் சிராப்பள்ளிக் குன்றுக்கே பாடியது.

உச்சிக்கு ஏறும் வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகை ஒன்று இருக்கிறது. பத்தில் ஒன்பது பேர் திரும்பியும் பாராமல் ஏறிப் போவார்கள். ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்து வேலை. உள்ளே கங்காதரர். ஈசன் ஒரு சடையைக் கையால் பிடித்து நீட்ட, கங்கை கைகூப்பிய சின்னப் பெண்ணாக அதில் இறங்குகிறாள். பக்கத்துத் தூணில் உள்ள பல்லவக் கல்வெட்டு ஒரு குறும்பு சொல்கிறது: ஆறுகளை விரும்பும் சிவன் கீழே ஓடும் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று பயந்து, உமை தன் தகப்பன் வீட்டை விட்டு இந்த மலைக்கே குடிவந்துவிட்டாளாம், காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டேயும் இருக்கிறாளாம். கம்பிக்கதவு பூட்டியிருந்தால் கண் இருட்டுக்குப் பழகும் வரை ஒரு நிமிடம் நின்று பாருங்கள், சிற்பம் மெல்லத் தெரியவரும்.

உச்சிப் பிள்ளையாரிடம் இடம் ஒடுக்கம். கும்பிட்டுவிட்டு வெளிச்சுற்றில் வடக்கே பாருங்கள்: முன்னால் காவிரி, நடுவில் திருவரங்கத் தீவும் கோபுரங்களும், அதற்கப்பால் கொள்ளிடம். வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று ஒன்றில்லாத எங்கள் குடாநாட்டுக் கண்ணுக்கு அதுவே ஒரு தரிசனம்.

ஒன்பதரைக்குள் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, 1 ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறிப் பதினொன்றுக்கு முன்பே திருவானைக்கா போய்ச் சேரவேண்டும். உச்சிக்கால பூசைக்காகத்தான் இந்த அவசரம். அகிலாண்டேசுவரி சன்னதி அர்ச்சகர் சேலை உடுத்து, அம்பாளாகவே வந்து சம்புகேசுவரருக்குப் பூசை செய்து, கோபூசையும் செய்வார். பன்னிரண்டுக்குக் கிட்டப் போனால் சனத்தின் முதுகுதான் தெரியும். பூசை முடிந்து கொஞ்ச நேரத்தில் நடை சாத்திவிடுவார்கள். பிந்தி வந்தவர்கள் பின்னேரம் வரை திண்ணையில் குந்தியிருக்கவேண்டியதுதான்.

பஞ்சபூதத் தலங்களில் இது நீர்த் தலம். சுவாமி முன்னால் ஒன்பது துவாரச் சாளரம். அதனூடாகக் கும்பிட்டபின், குனிந்து நுழையும் சிறு வாசலால் உள்ளே போகவேண்டும். லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறும். நிலம் ஈரம், கால் வழுக்கும். வயதானவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்பாளின் காதில் கிடக்கும் பெரிய தாடங்கங்களைக் கட்டாயம் பாருங்கள். அம்பாளின் உக்கிரம் தணிய ஆதிசங்கரர் சாத்தியவை என்பார்கள்.

மத்தியானம் நித்திரை கொள்ளுங்கள். பின்னேரம் அம்மா மண்டபப் படித்துறை. மேட்டூர் அணையை ஜூன் 12 இல் திறப்பது வழக்கம், திறந்தால் ஆடிப்பெருக்குக்கு ஆறு நிறையும். சித்திரை, வைகாசியில் போனால் மணல்தான் கூட. கீரிமலைக் கேணியில் முழுகிப் பழகியவர்கள் இங்கே கவனம்: கேணித் தண்ணீர் நிற்கும், இது இழுக்கும். கடைசிப் படிக்கு அப்பால் போகவேண்டாம்.

இரண்டாம் நாள் முழுதும் திருவரங்கம். 156 ஏக்கர், ஏழு பிராகாரம், 21 கோபுரம். தெற்கு இராசகோபுரம் நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்று, 1987 இல்தான் 236 அடியாக நிறைவு பெற்றது. காலமை விசுவரூப தரிசனத்துக்குப் போனால் பசுவும் யானையும் பெருமாள் முன் வந்து நிற்பதைக் காணலாம். அதற்கு ஐந்து மணிக்கே வரிசையில் நிற்கவேண்டும். ஏகாதசியும் சனிக்கிழமையும் தவிர்க்கத்தக்கவை.

செருப்பை எந்த வாசலில் விட்டீர்களோ அந்த வாசலாலேயே திரும்புங்கள். நாலு திசையிலும் கோபுரம், எல்லாம் ஒன்று போலவே இருக்கும். வடக்கால் வெளியே வந்துவிட்டு வெய்யிலில் தெற்குக்கு வெறுங்காலோடு சுற்றி வருகிறவர்கள் தினமும் உண்டு.

சன்னதியில் கிடைப்பது சில விநாடிதான். நீங்கள் வடக்குப் பார்த்து நிற்பீர்கள். உங்கள் இடது பக்கம் திருமுடி, வலது பக்கம் திருவடி. உள்ளே விளக்கொளி மட்டும். வலது பக்கம் திருவடியில் கண்ணை வைத்து, மெல்ல இடப்பக்கம் நகர்த்தித் திருமுகத்தில் முடியுங்கள். எடுத்த எடுப்பில் முகத்தைத் தேடினால், கண் இருட்டுக்குப் பழகுமுன் ‘போங்க, போங்க’ என்று தள்ளிவிடுவார்கள். சுதைத் திருமேனி என்பதால் மூலவருக்கு நீரால் அபிடேகம் இல்லை, தைலக்காப்புத்தான். ஆனி ஜேஷ்டாபிடேகத்துக்குப் பிறகு ஒன்றரை மாதமளவில் திருமுகம் மட்டும் தெரியும், திருவடி மூடியிருக்கும். அடியிலிருந்து முடி வரை கும்பிட விரும்புகிறவர்கள் அந்த நாட்களில் பயணம் வைக்கவேண்டாம்.

சைவ வீட்டுப் பழக்கத்தில் விபூதிக்குக் கை நீட்டாதீர்கள். இங்கே தீர்த்தமும் துளசியும், தலையில் வைத்தெடுக்கும் சடாரியும்தான். தாயார் சன்னதியும் உடையவர் (இராமானுசர்) சன்னதியும் பார்க்காமல் வெளிக்கிட்டால் பாதிதான் பார்த்தீர்கள்.

வீட்டுப் பூசையறைக்குக் காவிரி நீர் எடுப்பவர்கள், படித்துறையில் விற்கும் மெல்லிய போத்தலில் எடுக்காமல் ஊரிலிருந்தே இறுக்கமான மூடி உள்ள போத்தல் ஒன்று கொண்டுபோங்கள். 100 மில்லிலீற்றருக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெரிய பெட்டிக்குள், உடுப்புகளுக்கு நடுவில் நிமிர்த்தி வையுங்கள்.