அம்மாவோட கிரைண்டர கேக்குல செஞ்ச கதை

அம்மாவுக்கு அறுபது முடியுது. பொறந்த தேதி ஜூன் 1னு சர்டிபிகேட்ல இருக்குது, அது பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப வாத்தியாரா பாத்து எழுதுனது, அந்த வயசுக்காரங்க நெறய பேத்துக்கு இப்படி ஜூன்லதான் பொறந்தநாள் வரும். எது எப்படியோ கேக்கு வெட்டியே ஆகணும்னு என்ற தம்பி முடிவு பண்ணிட்டான், செய்யறது நாந்தான்னும் அவனே முடிவு பண்ணிட்டான்.

என்ன மாதிரி கேக்குன்னு வீட்டு வாட்ஸ்அப் குரூப்புல ஒரே அக்கப்போரு. பட்டுச்சேலை மடிச்சு வெச்ச மாதிரி, வெத்தலைத்தட்டு மாதிரி, சித்தி ஒருத்தங்க காங்கேயம் காளை மாதிரின்னு வேற. நான் கிரைண்டருன்னேன். ரெண்டு நிமிசம் யாருமே பதில் போடல.

அம்மா திருப்பூர்ல இருவது வருசத்துக்கும் மேல மாவு ஆட்டி வித்தவங்க. பனியன் கம்பெனிக்குப் போறவங்க நைட் ஷிப்ட் முடிச்சு வந்து மாவு வாங்கிட்டுப் போவாங்க, எங்க படிப்பு, என்ற கல்யாணம் எல்லாம் அந்த கிரைண்டர்ல ஆட்டுனதுதான். இப்ப வர்ற டேபிள் டாப் இல்லைங்க, பழைய சாதா கிரைண்டரு, ஒரே பெரிய குழவி, பச்சைப் பெயிண்ட் அடிச்ச இரும்பு ஸ்டேண்டு, சாய்ச்சு மாவ வழிக்கறதுக்கு ஒரு கைப்பிடி. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்குது, அதுக்குப் போடற கல்லு நம்ம ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லு. ஊத்துக்குளின்னா எல்லாரும் வெண்ணெயத்தான் சொல்வாங்க, கல்லும் அதே ஊருதான். கேக்குக்கு வெண்ணெயும் கிரைண்டருக்குக் கல்லும் ஒரே ஊர்ல இருந்து வருதுன்னு நெனச்சப்பவே எனக்கு இதத்தான் செய்யணும்னு ஆயிருச்சு.

இந்தக் கிறுக்கு எனக்கு 2020 லாக்டவுன்ல புடிச்சதுங்க. துருக்கியில துபா கெச்கில்னு கேக்கு செய்யற ஒரு அம்மணி, அவங்க வீடியோவுல செருப்பு ஒண்ணு கெடக்கும், கத்திய வெச்சு வெட்டுனா உள்ள கேக்கு. உலகமே அதப் பாத்துட்டு கையில கெடைச்சதெல்லாம் வெட்டிப் பாத்துச்சு, நானும் வெட்டிப் பாத்தவதான். அதுக்கப்புறம் கிளாஸ் போனேன், பெருந்துறையில வீட்டுல இருந்தே ஆர்டர் எடுக்கறேன், ஆனா பார்பி பொம்மை, கார், கிரிக்கெட் கிரவுண்டு இதுக்கு மேல யாரும் கேட்டதில்ல. கேட்டாலும் சாதாக் கேக்கு ரேட்லதான் கேப்பாங்க, மூணு நாள் வேலைக்குங்க!

அம்மா சஷ்டி, கிருத்திகைன்னு விரதம் இருக்கறவங்க, அதனால முட்டை இல்லாம கண்டென்ஸ்டு மில்க் போட்ட கேக்கு. முட்டை போடாதது செதுக்கறப்ப பொலபொலன்னு உதிரும், அதுக்கு ஒரே வழி சுட்டு ஆறுனதும் இறுக்கமா சுத்தி ஃப்ரீசர்ல ஒரு மணி நேரம் வெச்சு கல்லுப் பதத்துக்கு முன்னாடியே எடுத்து வெட்டறதுதான். 8 இஞ்ச் வட்டத்துல நாலு கேக்கு அடுக்குனேன், 6 இஞ்ச் ஒசரம். நடுவுல ஒரு போர்டு குடுத்து அதுக்குக் கீழ தடிமனான ஸ்ட்ரா அஞ்சு சொருகுனேன், இல்லைன்னா மேல இருக்கற பாரத்துக்கு அடி கேக்கு பிதுங்கிரும். கீழ பச்சை ஸ்டேண்டு மட்டும் தெர்மாகோல். ஆமாங்க ஏமாத்துதான், ஆனா அதையும் கேக்குல செஞ்சிருந்தா தூக்கறதுக்கு ரெண்டு ஆளு வேணும்.

ஃபாண்டண்டுன்னா கேக்கு மேல போத்தற சர்க்கரை மாவு, அதுக்கு அடியில விப்பிங் கிரீம் பூசவே கூடாது, அதுல இருக்கற ஈரம் சர்க்கரைய கரைச்சு வழவழன்னு ஆக்கிரும். கனாஷ்தான், சாக்லேட்டும் கிரீமும் கலந்து செய்யறது. டார்க் காம்பவுண்டு சாக்லேட் ஒரு கிலோவுக்கு கிரீம் அரைக் கிலோ, நம்ம ஊரு வெயிலுக்கு அதுக்கு மேல கிரீம் போட்டா நிக்காது. ரெண்டு கோட்டு பூசி, சுடுதண்ணியில முக்கித் தொடைச்ச ஸ்க்ரேப்பரால வழிச்சு ராத்திரி அப்படியே வெச்சுட்டேன். காலையில தொட்டுப் பாத்தா சுவராட்டம் இருந்துச்சு, அதப் பாக்கறப்ப வர்ற சந்தோசம் இருக்குதே, புருசன் புள்ளைக்குச் சொன்னா புரியாது.

குழவிக்கு வெளிநாட்டுக்காரங்க ரைஸ் கிரிஸ்பிஸுங்கற அரிசிப் பொரிய மார்ஷ்மெல்லோவுல உருட்டிக்குவாங்க. மார்ஷ்மெல்லோவுல பெரும்பாலும் ஜெலட்டின், அது அம்மாவுக்கு ஆகாது. நாம எதுக்குங்க அங்க போகணும், பொரி உருண்டை இருக்குதே! நாட்டு வெல்லத்துல பாகு கொஞ்சம் முத்தலாவே காய்ச்சி, பொரியக் கொட்டி, கை பொறுக்கற சூட்டுல அமுக்கி அமுக்கி குழவி மாதிரி புடிச்சேன். உள்ளங்கை ரெண்டும் செவந்து போச்சு. மேல மேடு பள்ளமா இருக்கும், கனாஷ் பூசி சமன் பண்ணிட்டா சரியாப் போயிரும்.

கல்லு நெறம்தான் எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை. வெள்ளை, சாம்பல், கருப்பு மூணு ஃபாண்டண்டையும் முழுசாக் கலக்காம அரைகுறையாப் பெசஞ்சு தேச்சேன், குழவி மேல போத்துனதும் கசக்குன அலுமினியம் ஃபாயில வெச்சு ஒத்தி ஒத்தி எடுத்தா அந்தச் சொரசொரப்பு வந்துரும். பொறவு புது டூத்பிரஷ்ஷுல கருப்புக் கலரத் தொட்டு விரலால தெறிச்சு விட்டேன். கொத்திப் போட்ட கல்லேதான். என்ற பையன் தூக்கிப் பாத்துட்டு "ஏம்மா கனமே இல்ல"ன்னான்.

டிரம்முக்கு ஃபாண்டண்ட போர்வை மாதிரி மேல இருந்து போத்தக் கூடாதுங்க, வெளிம்பு மொழுக்குன்னு ஆயிரும். 4 மில்லிமீட்டர் கனத்துல நீளப் பட்டையாத் தேச்சு சுத்தோட ஒட்டுனேன். பின்னாடி ஒரு ஜாயிண்டு தெரியும், நெசமான ஸ்டீல் டிரம்லயும் வெல்டிங் கோடு இருக்கும்ல, அதனால அத மறைக்கவே இல்ல. கேக்குக்கு மேல ஒரு இஞ்ச் சுவரு எந்திரிச்சு நிக்கணும், அதுக்கு 250 கிராம் ஃபாண்டண்டுக்கு ஒரு டீஸ்பூன் டைலோஸ் பவுடர், அத கெட்டியாக்கற பொடி, போட்டுப் பெசஞ்சேன். அதப் போட்டா சீக்கிரம் காயும், கை வேகமா ஓடலைன்னா யானைத்தோல் மாதிரி வெடிப்பு விழுந்துரும். எனக்கும் விழுந்துச்சு, ஒரு ஓரத்துல. டால்டாவ விரல்ல தொட்டு தேச்சு தேச்சு பாதி மறைச்சேன்.

ஸ்டீல் பளபளப்புக்கு சில்வர் டஸ்ட்னு ஒரு வெள்ளிக் கலரு பொடி. டப்பாவுல "நான் டாக்சிக்"னு மட்டும் போட்டிருந்தா திங்கலாம்னு அர்த்தம் இல்லைங்க, "எடிபிள்"னு போட்டிருக்கணும், இத தெரிஞ்சவங்களே கோட்டை விடறாங்க. அத தண்ணியில கரைச்சா ஃபாண்டண்டு பிசுபிசுத்துப் போகும், சீக்கிரம் ஆவியாகற சரக்குலதான் கரைக்கணும். வெளிநாட்டு வீடியோவுல லெமன் எசன்ஸும்பாங்க, அங்க கெடைக்கறது ஆல்கஹால்ல எறக்குனது, நம்ம கடையில இருக்கறதுல பலது அப்படி இல்ல, பூசுனா காயாமயே கெடக்கும். அதனால எங்க வீட்டுக்காரர ஒரு குவார்ட்டர் வோட்கா வாங்கிட்டு வரச் சொன்னேன். கல்யாணமாகி பதினாலு வருசத்துல நான் சொன்ன வேலைக்கு அவரு அவ்வளவு வெரசா கெளம்புனத நான் பாத்ததே இல்ல. எனக்குச் செலவானது ரெண்டு ஸ்பூனுதான், மிச்சம் என்னாச்சுன்னு நான் கேக்கல.

எல்லாம் முடிச்சு ரெண்டடி தள்ளி நின்னு பாத்தா, கிரைண்டர்தான், ஆனா கடையில ஷோவுக்கு வெச்ச கிரைண்டரு. அம்மாவுது இல்ல. ரொம்ப நேரம் யோசிச்சுட்டு பழைய போட்டோ ஒண்ணப் பெருசு பண்ணிப் பாத்தேன், அப்பத்தான் தெரிஞ்சுது, டிரம்மு வெளிம்புல எப்பவும் மாவு வழிஞ்சு காஞ்ச தடம் ரெண்டு மூணு இருக்கும், கைப்பிடி பக்கம் பெயிண்ட் உரிஞ்சு துரு தெரியும். ஐசிங் சுகரும் கொஞ்சம் கார்ன்ஃப்ளாரும் கரைச்சு பிரஷ்ஷுல வழிய விட்டேன், கொக்கோ பவுடர்ல ஆரஞ்சு கலரு கலந்து கைப்பிடிய துருவாக்குனேன். மொத்தம் பத்து நிமிச வேலை. மூணு நாளு செஞ்சதுல வராதது அதுல வந்துச்சு, எனக்கே பக்குன்னு ஆயிருச்சு.

உள்ள உளுந்து மாவு மாதிரி காட்டறதுக்கு மட்டும் ஊத்துக்குளி வெண்ணெய்ல பட்டர்கிரீம். உப்புப் போடாதது, வெள்ளையா இருக்கும், மஞ்சக் கலரு அடிக்காது. ஆனா அதுல மோருத்தண்ணி நெறய நிக்கும், அப்படியே அடிச்சா பட்டர்கிரீம் திரிஞ்சுரும், துணியில கட்டி நல்லாப் புழிஞ்சுட்டுத்தான் அடிக்கணும். சுத்தற மாவுல விழற அந்த மடிப்ப ஸ்பூனோட முதுகுல இழுத்தேன்.

ஜூன் மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற ஆரம்பிச்சுருச்சு, மோடம் போட்டு ஈரக்காத்து. இதுல ஃபாண்டண்டு கேக்க ஃப்ரிட்ஜுல வெச்சு வெளிய எடுத்தா சில்லு டம்ளர் மேல வேர்க்கற மாதிரி முத்து முத்தா வேர்த்துரும், சில்வர் எல்லாம் ஓடிரும். அதனால ஏசி ரூம்ல வெச்சு, காலையில கார்ல ஏசியப் போட்டு, நான் பின் சீட்டுக்கு முன்னாடி கீழ உக்காந்து ரெண்டு கையால புடிச்சுக்கிட்டே வந்தேன். விஜயமங்கலம் தாண்டி ஊத்துக்குளி வழியா திருப்பூரு, முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான், வேகத்தடை எத்தனைன்னு என்ற முட்டிகிட்டக் கேளுங்க.

வீட்டுக்குள்ள கொண்டு போயி, யாருக்கும் சொல்லாம, சமையக்கட்டுல கிரைண்டரு எப்பவும் இருந்த மூலையிலயே ஒரு முக்காலி போட்டு வெச்சேன். எல்லாரும் ஒட்டுக்கா வந்ததும் கூப்புட்டுக் காட்டலாம்னு, நான் மூஞ்சி கழுவப் போனேன்.

வெளிய வந்தா அம்மா சமையக்கட்டுல நிக்கறாங்க. "ஏங்கண்ணு, இத யாரு எடுத்தாந்து வெச்சது? வித்தது திரும்பி வந்துருச்சா? மாவக் காய விட்டு வெச்சிருக்கறாங்க பாரு, எறும்பு வந்துரும்"னு சொல்லிட்டே, கையில ஈரத்துணி, வெளிம்பத் தொடைச்சுட்டு இருக்கறாங்க.

"அம்மா, விடுங்ம்மா!" கத்துனேன். அதுக்குள்ள ஒரு சாண் அகலத்துக்கு மாவுத் தடமும் போச்சு, சில்வரும் போச்சு, துணியெல்லாம் பளபளன்னு வெள்ளி. அம்மா துணியப் பாத்தாங்க, கிரைண்டரப் பாத்தாங்க, விரல மெதுவா வாயில வெச்சுப் பாத்தாங்க.

"இனிக்குது"ன்னாங்க.

அப்பறம் ஒரு அஞ்சு நிமிசம் பேசல. சேலைத்தலைப்புல மூக்கத் தொடைச்சுட்டு மொத வார்த்தையா சொன்னது "குழவி இந்தப் பக்கம் சாஞ்சிருக்கப்படாது, பெல்ட்டு அத்துரும்." நான் திருப்பி வெச்சேன்.

போட்டோ எல்லாத்துலயும் அந்தத் தொடைச்ச எடம்தான் முன்னாடி தெரியுது, தம்பி வேணும்னே அந்தப் பக்கத்தத் திருப்பி வெச்சு எடுத்திருக்கறான். ஃபாண்டண்ட வழக்கம் போல எல்லாரும் உரிச்சு தட்டு ஓரத்துல ஒதுக்கிட்டாங்க, அதுல எனக்கு வருத்தமே இல்ல, நானும் அத திங்க மாட்டேன். குழவிய மட்டும் அன்னிக்கு யாரும் தொடல. அடுத்த நாள் பொழுதோட அம்மாவே உலக்கைய எடுத்து ரெண்டு போடு போட்டு ஒடைச்சு, தெருப் பசங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு பொரி உருண்டையாக் குடுத்தாங்களாம்.