மிளகு சட்டை உரித்த 19 நாட்கள்

எங்கள் வீட்டில் வளர்த்த துறவி நண்டுகளில் கடுகு செத்துப்போனதற்கு நான்தான் காரணம். அதைச் சொன்ன பிறகுதான் இன்னொரு நண்டான மிளகு பிழைத்த கதையைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் மகளுக்காக மூன்று துறவி நண்டுகளை வாங்கி வந்தோம். சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள உயிரினங்களின் பட்டியல் சின்னது. நிலத்தில் வாழும் இந்த ஹெர்மிட் கிராப் அதில் உண்டு. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு இதைவிடத் தோதான செல்லப்பிராணி கிடையாது என்று அப்போது நினைத்தேன். கடையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அடியில் கலர் கூழாங்கல், ஈரமாக வைக்க ஒரு ஸ்பான்ஜ், ஒரு டப்பா தீனி எல்லாம் சேர்த்துத் தந்தார்கள். "தண்ணி தெளிச்சா போதும்" என்றார்கள். மகள் பெரியதற்குப் பட்டாணி, நடுவில் உள்ளதற்கு மிளகு, சுண்டுவிரல் நகம் அளவே இருந்ததற்குக் கடுகு என்று பெயர் வைத்தாள். மிளகின் முதுகில் ரோஸ் பெயின்ட் அடித்து, சிரிக்கும் முகம் வரைந்த சங்கு. அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

மூன்றாவது வாரம் கடுகு கூழாங்கற்களுக்கு அடியில் போய்விட்டது. பத்து நாள் வெளியே வரவில்லை. செத்திருக்குமோ என்ற பயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கல்லை விலக்கித் தோண்டி எடுத்தேன். உடம்பு வெளுத்துக் கொழகொழவென்று இருந்தது. நோய் வந்துவிட்டது என்று நினைத்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, உள்ளங்கையில் வைத்து மகளிடம் காட்டினேன். மறுநாள் காலை அது இல்லை. அதற்கு நோயே கிடையாது. ஓடு உரித்து, புது ஓடு இறுகுவதற்குள் நான் கையில் எடுத்துவிட்டேன்.

வேதாரண்யத்தில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பாம்பு சட்டை உரிக்கிறப்ப கிட்ட போகாதேன்னு தாத்தா சொல்லுவாரே, மறந்துட்டியா? கண்ணு மங்கிக் கெடக்கும், ஒடம்பு பச்சைப்புண்ணாட்டம் இருக்கும், அதுபாட்டுக்கு விட்டுடணும்" என்றார். அம்மா பாம்பைப் பற்றிச் சொன்னது நண்டுக்கு அப்படியே பொருந்தியது. சட்டை உரிக்கப்போகும் நண்டின் கண்ணும் மங்கித்தான் போகிறது.

முதலில் எனக்கே குழப்பமாக இருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நண்டு முதுகில் சுமப்பது சங்கு. அது ஏதோ ஒரு நத்தை விட்டுப்போன வீடு. நண்டின் சொந்த ஓடு அதன் கால், கொடுக்கு, தலை மேல் இருப்பது. உரிக்கப்படுவது இந்தச் சொந்த ஓடுதான். ஓடு வளராது; உள்ளே உடம்பு வளரும். அதனால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்கிறது. கழற்றிய கொஞ்ச நாளைக்கு அதற்கு எலும்பு மாதிரி எதுவுமே இல்லை. நடக்க முடியாது, கொடுக்கால் தடுக்க முடியாது. மண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்வது அதனால்தான். உரித்த ஓட்டை அங்கேயே தின்று அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சின்ன நண்டுக்கு இதெல்லாம் முடிய நான்கு வாரத்துக்கு மேலும், பெரிய நண்டுக்கு மூன்று மாதமும் ஆகலாம். பத்தாவது நாளில் தோண்டிய எனக்கு இது தெரியாது.

பிறகு பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி வாங்கினோம். இவை நிலத்தில் நடந்தாலும் செவுளால்தான் மூச்சு விடுகின்றன. செவுள் ஈரமாக இருக்கும்வரைதான் உயிர். காற்றில் ஈரப்பதம் 75 முதல் 85 சதவீதம் வேண்டும். சிங்கப்பூரில் வெளியே அது தானாகவே இருக்கிறது. படுக்கையறையில் இரவெல்லாம் ஏசி ஓடினால் இருக்காது. ஈரப்பதமானியைப் பழைய பெட்டிக்குள் வைத்துப் பார்த்தபோது 58 காட்டியது. ஒன்றரை மாதமாக அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுத்திணற வைத்திருக்கிறோம் என்று அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. புதுத் தொட்டியைக் கூடத்துக்கு மாற்றினேன். வலை மூடிக்குப் பதில் கண்ணாடி மூடி போட்டேன்.

தண்ணீர் விஷயத்திலும் தவறு செய்திருந்தேன். இங்கே குழாய்த் தண்ணீரை நாம் அப்படியே குடிக்கலாம். ஆனால் கிருமி வராமலிருக்க அதில் குளோரமின் கலக்கிறார்கள். வெறும் குளோரின் என்றால் வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் பறந்துவிடும், குளோரமின் அப்படிப் போகாது. அதை முறிக்க மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் மருந்தை விட வேண்டும். கிண்ணமும் இரண்டு வேண்டும்: ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். சமையல் உப்பு ஆகாது. கடல்மீன் தொட்டிக்குப் போடும் உப்பு, லிட்டருக்கு 35 கிராம். கிண்ணத்தில் நண்டு முழுசாக முங்க வேண்டும், ஏறி வரக் கல்லும் வேண்டும்.

மணலில்தான் நான் கஞ்சத்தனம் செய்தேன். ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், உப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். ஆழம் குறைந்தது 15 சென்டிமீட்டர். எங்கள் தொட்டிக்கு அப்படிக் கொட்டினால் மணல் மட்டுமே நாற்பது கிலோ அளவுக்கு வரும். அலமாரி தாங்காது என்று வீட்டுக்காரர் சொன்னார். நானும் சரி என்று ஏழு சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட்டில் மிளகு நிறைய தண்ணீர் குடித்தது. கால்கள் சாம்பல் பூத்தாற்போல ஆயின. இடது பக்கம் வயிற்றோரம் கறுப்பாக ஒரு சின்னக் குமிழ் தெரிந்தது. அது உரிப்பதற்காகச் சேர்த்துவைக்கும் கொழுப்பும் நீரும். இரவில் தொட்டியின் மூலையில் தோண்டும் சத்தம் கேட்கும். தோண்டும், அடிக்கண்ணாடியில் கால் கீறும், வெளியே வரும், வேறு மூலைக்குப் போகும். நான்கு இரவு இப்படி. போதுமான ஆழம் தேடி அலைகிறது என்று அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணி. மகளைப் பள்ளிக்குக் கிளப்ப எழுந்து விளக்கைப் போட்டேன். உப்புத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், மணலுக்கு மேலேயே மிளகு கிடந்தது. பாதி உடம்பு சங்குக்கு வெளியே. பக்கத்தில் இன்னொரு நண்டு கிடப்பது போல இருந்தது. இருந்ததே இரண்டு, மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு தெரிந்தது, பழுப்பாகக் கிடந்தது கழற்றிய ஓடு. கால், கண் தண்டு, மீசை முதற்கொண்டு அச்சு அசலாக நண்டு. அதை ஒட்டி ரோஸ் சங்கில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்ததுதான் மிளகு.

பட்டாணி அதை நோக்கி நடந்துகொண்டிருந்தது. இது கொலைவெறி கிடையாது. புதிதாக உரித்த நண்டின் வாசனை மற்ற நண்டுகளுக்குச் சாப்பாட்டு வாசனை, அவ்வளவுதான். ஆனால் கையைத் தூக்கக்கூட முடியாத மிளகை அது தின்றுவிடும்.

கை மிளகின் பக்கம்தான் போனது. கடுகு நினைவுக்கு வந்ததும் இழுத்துக்கொண்டேன். மிளகுக்குப் பதில் பட்டாணியைத் தூக்கிப் பழைய பெட்டியில், ஈர மணல் போட்டு, இரண்டு கிண்ணத்தோடு விட்டேன். இந்த அவசரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். உரித்த நண்டை இடம் மாற்றாதீர்கள். நன்றாக இருக்கும் நண்டை மாற்றுங்கள். மாற்றியே தீர வேண்டும் என்றால் அடியிலிருக்கும் மணலோடு சேர்த்து அகலக் கரண்டியால் அள்ள வேண்டும், விரல் படக்கூடாது.

பட்டாணி போனாலும் வெளிச்சமும் காற்றும் இருக்கிறதே. ஒன்றரை லிட்டர் பாட்டிலின் அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மேல்பாதியை மிளகின் மேல் கூடை கவிழ்ப்பதுபோலக் கவிழ்த்து, இரண்டு சென்டிமீட்டர் மணலில் அழுத்தினேன். மூடியைக் கழற்றிவிட்டதால் வாய் வழியே காற்று போகும். கழற்றிய ஓட்டை உள்ளேயே விட்டேன். குப்பை என்று எடுத்துவிட்டால் அதன் முதல் சாப்பாட்டைப் பறித்ததாகும். பாட்டில் மூடி ஒன்றில் உப்புத் தண்ணீர் ஊற்றி எட்டும் தூரத்தில் வைத்தேன். மேலே கறுப்புத் துணி சுற்றினேன். மகள் யூனிபார்மில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்துப்போச்சாம்மா?"

"தெரியலடா. மோந்து பார்த்தா நாறல. நாறுற வரைக்கும் உயிரோட இருக்குன்னுதான் வச்சுக்கணும்."

அதுதான் சரியான சோதனை. தட்டிப் பார்ப்பது, புரட்டுவது, சங்கிலிருந்து இழுப்பது எதுவுமே கூடாது. செத்த நண்டு இரண்டொரு நாளில் அழுகிய இறால் நாற்றம் அடிக்கும்; மூக்கைத் தொட்டிக்குள் விட வேண்டிய அவசியமே இருக்காது. அசையவில்லை, வெளுத்துவிட்டது, சங்கிலிருந்து தொங்குகிறது என்பதெல்லாம் சாவுக்கு அடையாளம் கிடையாது. உயிரோடிருக்கும் நண்டையும், சத்தான பழைய ஓட்டையும் இப்படித்தான் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

தினமும் காலையில் துணியின் ஓரத்தைத் தூக்கி, ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு மூடிவிடுவோம். இரண்டாம் நாள் ஒன்றும் மாறவில்லை. மூன்றாம் நாள் மகள்தான் கண்டுபிடித்தாள், பழைய ஓட்டில் ஒரு காலைக் காணோம். அன்று அவள் பள்ளிக்குச் சிரித்துக்கொண்டே போனாள். ஐந்தாம் நாள் மிளகு முழுசாகச் சங்குக்குள் போயிருந்தது. அதற்கு மேல்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

இடையில் நான் இன்னொரு தவறு செய்யப் பார்த்தேன். ஈரம் போதாதோ என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை தண்ணீர் தெளித்தேன். எட்டாம் நாள் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது. தேங்கினால் மணல் புளித்து நாறும், கிருமி பிடிக்கும். ஒரு மூலையில், மிளகுக்கு எட்டத்தில், குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தேன். மூடி ஒழுங்காக இருந்தால் தெளிக்கவே வேண்டாம். கிண்ணத்துத் தண்ணீரும் ஈர மணலும் போதும்.

ஒன்பதாம் நாள் பெரிய இடது கொடுக்கில் பழுப்பு ஏறத் தொடங்கியது. அந்தக் கொடுக்கில் தையல் போட்டதுபோல வரிசையாகச் சின்னக் கோடுகள் இருக்கும். புது ஓட்டில் அந்தத் தையல் புத்தம் புதிதாக, இளநீலத்தில் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் பாட்டிலுக்குள் நடமாடியது. 19-ஆம் நாள் பாட்டிலைச் சுரண்டிக்கொண்டு வெளியே வரப் பார்த்தது, கொடுக்கைச் சங்கு வாசலில் கதவு மாதிரி இழுத்துச் சாத்தியது. எடுத்துவிட்டேன். பழைய ஓட்டில் மிச்சம் இருந்தது கொடுக்கின் நுனி மட்டும்.

தேக்கா சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரையைக் காயவைத்துப் பொடித்தது, முட்டை ஓடு, பறவைக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓடு, உப்பில்லாத தேங்காய்ச் சில் எல்லாம் வைத்தேன். முதலில் போனது முருங்கைக்கு. கடைத் தீனி டப்பாவை அதற்குப் பிறகு நாங்கள் திறக்கவேயில்லை.

அந்த வாரமே அலமாரியை விட்டுவிட்டுத் தொட்டியைத் தரையில், கனமான பலகை மேல் வைத்து, மணலை 15 சென்டிமீட்டருக்கு உயர்த்தினோம். வீட்டுக்காரர்தான் மணல் மூட்டையைத் தூக்கி வந்தார். அக்டோபரில் பட்டாணி அதற்குள் இறங்கியது. 47 நாள் வெளியே வரவில்லை. முப்பதாம் நாள் வாக்கில் எனக்குக் கை பரபரத்தது உண்மை. மகள் நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக வட்டம் போட்டுவந்தாள். அந்த வட்டங்களைப் பார்த்துத்தான் கையைக் கட்டிக்கொண்டேன். 48-ஆம் நாள் இரவு வெளியே வந்து நேராக உப்புத் தண்ணீருக்குள் போய் உட்கார்ந்தது.

இந்த நண்டுகள் கடற்கரையில் பிடிக்கப்பட்டு வருபவை. குஞ்சுகள் கடல் நீரில்தான் வளர வேண்டும் என்பதால் வீட்டில் குட்டி போட வைப்பது லேசில் நடக்காது. அதனால் இனி நாங்கள் வாங்கப்போவதில்லை. யாராவது வளர்க்க முடியாமல் விட்டால் எடுத்துக்கொள்வோம். இருக்கும் இரண்டையும் கடலில் விடலாமே என்று மகள் கேட்டாள். எந்தக் கடற்கரையிலிருந்து வந்தவை என்று தெரியாது, வீட்டு நோயை அங்கே கொண்டுபோனாலும் ஆபத்து என்று சொன்னேன்.

உரித்த பிறகு மிளகு வளர்ந்துவிட்டது, ரோஸ் சங்கு இறுகியது. அந்தப் பெயின்ட் உதிர்ந்து தண்ணீரில் மிதப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நாமாக நண்டைச் சங்கிலிருந்து பிரிக்கக் கூடாது. விடாமல் பிடித்துக்கொண்டு இரண்டாகப் பிய்ந்துபோகும். பெயின்ட் இல்லாத, வட்ட வாய் டர்போ சங்குகள் ஐந்து வாங்கி, கொதிக்கவைத்து ஆறவிட்டு, உப்புத் தண்ணீரில் நனைத்து வரிசையாக வைத்தோம். மூன்று வாரம் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தது, உள்ளே கொடுக்கை விட்டு அளந்தது, போய்விட்டது. தீபாவளிக்கு மறுநாள் காலை ரோஸ் சங்கு காலியாகக் கிடந்தது. மிளகு மரக்கட்டையின் மேல், பச்சைக் கோடு போட்ட சங்கில் உட்கார்ந்திருந்தது.

மகள் அந்தச் சிரிக்கும் முகத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளே கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.